ஆல்தாவில் வரைந்த ஸ்வஸ்திகம்

நல்லது செய்கிறோம் என்று நினைக்கும்போதுதான் கை கொஞ்சம் அதிகமாக ஓடும். வசுமதிக்கும் அப்படித்தான் ஓடியது.

அவள் பிள்ளை குருபிரசாத் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். சனி ஞாயிறுகளில் அங்கே ஒரு கிளப்பில் ஹாக்கி ஆடுகிறவன். கிளப்புக்கு நூறு வயது ஆகிறதாம். பழங்காலத்து மட்டைகளைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறார்களாம். "கொள்ளுத்தாத்தா மைதானத்துல ஆடின மட்டை பரண்ல கிடக்குமே அம்மா, யாராவது வந்தா கொடுத்தனுப்பேன்" என்றான். யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஃபிளாட் பத்மஜாவின் பெண் பிரியங்கா அதே ஊருக்குத்தான் படிக்கப் போகிறாள். கல்கத்தாவில் இதே காளிகாட் சந்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். வசுமதியை ஒரு நாளும் மாமி என்று கூப்பிட்டதில்லை, வங்காளிகள் சித்தியைக் கூப்பிடுகிற மாஷிமாதான்; குருபிரசாத் அண்ணா அவளுக்குக் குருதா.

பரணிலிருந்து இறக்கிய மட்டையின் பிடியில் சுற்றியிருந்த அழுக்குத் துணியை வசுமதி பிரித்தாள். அடியில், மரத்தில் சூடு போட்டாற்போல ஒரு முத்திரை. ஸ்வஸ்திகம்! மட்டை செய்தவன் ராசிக்காக வைத்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களே அதை அதிர்ஷ்டக் குறி என்று ஆட்டக்காரர்களின் சட்டையில் தைத்துக்கொண்டதுண்டு. வசுமதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மட்டையை வெள்ளைத் துணியில் வைத்து, தபாலாபீஸ் வாசலில் பார்சல் தைப்பார்களே, அதேபோல நெருக்கமாகத் தைத்தாள். தைத்ததோடு விட்டிருக்கலாம். முதல் முறையாகக் கடல் தாண்டுகிற பெண் கையில் பொட்டலம் மொட்டையாகப் போகலாமா? பெண்கள் காலில் பூசுகிற ஆல்தாவை எடுத்தாள். துணியின் மேல் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிவக்கச் சிவக்க ஒரு ஸ்வஸ்திகம் வரைந்தாள். மங்களத்துக்கு மங்களம், ஏர்போர்ட் பெல்ட்டில் வரும்போது அடையாளத்துக்கு அடையாளம்.

விடியுமுன்னே விமானம் கிளம்பிவிட்டது. தைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த முத்திரையின் படத்தைக் காலையில்தான் பிள்ளைக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் போன் வந்தது.

"அம்மா, இது மேல துணி சுத்தியிருந்துதே?"

"ஒரே சிக்குடா. பிரிச்சுப் போட்டுட்டேன். பாத்தியா, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"சரி, பொட்டலத்துக்குள்ளதானே இருக்கு. வெளியில தெரியாதே?"

"அது தெரியலேன்னா என்ன? மேலயும் பெரிசா நானே போட்டுட்டேனே!"

லைன் போய்விட்டதோ என்று வசுமதி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இங்க அது ஸ்வஸ்திக் இல்லே. லட்ச லட்சமா ஜனங்களைக் கொன்னாளே, அவா கொடி. வெளியில காட்டினாலே போலீஸ் கேஸ்."

வசுமதி பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். சினிமாவிலும் அந்தக் கொடியைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தக் கொடியையும் தன் வாசற்படியையும் அவள் மனசு ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"நம்ம வாசல்ல தினம் போடறதுடா."

"எனக்குத் தெரியும்மா. பெல்ட் பக்கத்துல நிக்கற போலீஸ்காரனுக்குத் தெரியணுமே. புள்ளி வெச்சியா? நாலு மூலைலயும் நாலு புள்ளி வைப்பியே, வெச்சியா? அவா கொடியில புள்ளி கிடையாது. அது இருந்தா நம்மளோடதுன்னு பிரியங்கா எடுத்துச் சொல்லலாம்."

வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள். தூரிகை ஞாபகம் வந்தது. சிவந்த விரல் ஞாபகம் வந்தது. அப்புறம் பத்மஜா மணியடித்தது, "மாமி, டாக்ஸி வந்தாச்சு!" என்று கத்தியது. இதற்கிடையில் நாலு புள்ளியும் வைத்தாளா?

"ஞாபகம் இல்லையேடா."

"அவ போனும் ஆஃப். அடுத்த பிளேன் ஏறிட்டா போலிருக்கு. நான் ஏர்போர்ட்டுக்குப் போறேன். நீ பத்மஜா மாமிகிட்ட எதையாவது சொல்லி அவாளை பயமுறுத்தாதே."

கரியாஹாட் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பிய கணவர் சுந்தரேசனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். "போடி, சாமி படத்துக்குப் போடறதுக்கெல்லாம் ஜெயில்ல போடுவாளா?" பையை இறக்கி வைத்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. கிடர்பூர் துறைமுகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர்.

"ஒரு பொட்டலத்து மேல சந்தேகம் வந்துடுத்துன்னா, கொண்டுவந்தவா சொல்றது அவா காதுல விழாது. நான் பாத்திருக்கேன். அதுவும் ஒருத்தியா போன பொண்ணு. திருப்பி அனுப்பிட்டான்னா படிப்பு?"

"நீங்க வேற வயத்துல புளியைக் கரைக்காதேங்கோ!"

அவள் பழைய பேப்பர் அடுக்கைக் கலைத்தாள். துணிக்கு அடியில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தாளே! ஆல்தா ஊறி இறங்கியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். அகப்பட்டது. கட்டம் கட்டமான வங்காள எழுத்துகளின் மேல், வெட்டுக்காயத்துக் கட்டு நனைந்தாற்போல அது ஊறியிருந்தது. நாலு கைகளும் தெளிவாக இருந்தன. மேல் மூலையில் ஒரு புள்ளி.

ஒன்றே ஒன்று. மற்ற மூன்று மூலைகளும் காலி.

வசுமதி அந்தத் தாளை மடக்கி மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், பீரோக் கதவில் மஞ்சளில் ஒன்று, நிலைப்படியில் ஒன்று, எதிர்ச் சுவர் காலண்டரில் ஒன்று. இத்தனை வருஷம் வீட்டைக் காத்தது எல்லாம் இன்று அவளையே உற்றுப் பார்த்தது.

மத்தியானம் பத்மஜா பாயசக் கிண்ணத்தோடு வந்தாள்.

"மாமி, உங்க பொட்டலத்தைப் பாத்து ஏர்போர்ட் கவுண்டர்ல இருந்த பொண்ணு 'கீ ஷுந்தர்', எவ்வளவு அழகுன்னு கும்பிட்டா! பிரியங்காவுக்கு ஒரே பெருமை. என்ன மாமி, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"தலைவலிடி."

"நன்னா தூங்குங்கோ. எனக்குத்தான் தூக்கமே இல்லை. இருக்கறது அவ ஒருத்தி. இறங்கி ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா போதும்."

பாயசம் ஆறிப் பாலாடை கட்டிற்று. யாரும் தொடவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றுகிற வேளைக்குக் குருபிரசாத் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது. "பிளேன் இறங்கி எல்லாரும் வெளியில வந்துட்டா அம்மா. அவ வரலை."

வசுமதி பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. போனைக் கையில் பிடித்தபடி பத்மஜா. "பிளேன் எறங்கியாச்சுன்னு காட்டறது மாமி. ஏன் இன்னும் கூப்பிடலை?"

இதற்கு மேல் எதை மறைப்பது? வசுமதி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மடித்து வைத்திருந்த தாளை விரித்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பத்மஜாவின் கை, வசுமதியின் கையிலிருந்து மெல்ல நழுவியது. கத்துவாள் என்றுதான் வசுமதி காத்திருந்தாள். பத்மஜா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆல்தா பாட்டில் நான் வாங்கிண்டு வந்து கொடுத்தது, மாமி" என்றாள். பிறகு, "நான் வேற வந்து மணியடிச்சேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுந்தரேசனும் சேர்ந்து மூன்று பேரும் பத்மஜாவின் சின்ன போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. அது அடங்கியும் போயிற்று. அறை இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் அதிர்ந்தபோது பத்மஜாவால் அதை எடுக்க முடியவில்லை. சுந்தரேசன்தான் அழுத்தினார்.

"மா? நான்தான். வெளில வந்துட்டேன். குருதா கூட இருக்கேன்."

பத்மஜா வாய்விட்டு அழுதாள். வசுமதி போனருகில் குனிந்தாள். "பிரியங்கா, உன்னை ஏதாவது பண்ணினாளாடி?"

"இல்லை மாஷிமா. ரூம்ல உக்கார வெச்சு கேட்டாங்க, திருப்பித் திருப்பி. நம்ம வாசல் போட்டோ எல்லாம் காமிச்சேன். ஒரு ஆபீசர், லேடி, 'இந்த ஒரு டாட் மட்டும் ஏன்?'னு கேட்டா. மாஷிமா அவசரத்துல விட்டுட்டாங்கன்னு சொல்லி, அவ பேனாவையே வாங்கி மீதியை நான் வெச்சேன். அப்புறம்தான் கொஞ்சம் நம்பினா. மட்டையை வெச்சுண்டுட்டாங்க. பார்த்துட்டு சொல்வாங்களாம்."

"மட்டை கிடக்கட்டும்டி! பெல்ட்லயே பிடிச்சுட்டாளா?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"அவங்க முதல்ல கவனிக்கவே இல்லை மாஷிமா. என் பக்கத்துல ஒரு தாத்தா நின்னார். ரொம்ப வயசு. பொட்டலம் சாஞ்சு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடிச்சுட்டார். நான்தான் கொண்டு வந்தேன்னு அவருக்குத் தெரியாது. அவர் கை அப்படி ஆடித்து. நான் ஓடிப்போய் என் துப்பட்டாவைப் போட்டு மூடினேன். நான் எதையோ மறைக்கறேன்னு நினைச்சுத்தான் போலீஸ் வந்தது."

வசுமதி போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவர் என்ன ஆனார்?"

"தெரியலை மாஷிமா. ரூம்லேந்து திரும்பி வந்து பார்த்தேன். அவர் இல்லை. தன் பெட்டியைக்கூட எடுக்காம போயிட்டார். அது மட்டும் தனியா சுத்திண்டு இருந்தது."

பத்மஜா போனை வாங்கி, சாப்பிட்டாயா, குளிருக்குப் போட்டுக்கொண்டாயா என்று கேட்க ஆரம்பித்தாள். சுந்தரேசன் எழுந்து விளக்கைப் போட்டார். பகலெல்லாம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கத்தான் இறங்கியது. ஆனாலும் வசுமதி எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த தாளைச் சிவப்பு உள்ளே போகும்படி மடித்தாள், இன்னொரு முறை மடித்தாள். அவள் கண்ணுக்குள் யாரோ ஒரு கிழவரின் பெட்டி, எடுக்க ஆளில்லாமல், சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது.