மலையேற்றும் பாட்டு

அம்மன் இறங்கிவிட்டாள். அனுப்பி வைக்கத்தான் ஆளில்லை.

உடுக்கைப் பாட்டுக்காரர் தங்கையாவின் மனைவி போன வாரம்தான் இறந்திருந்தாள். பதினாறு கழியும்வரை தீட்டு. கோயில் எல்லையை அவர் மிதிக்கக் கூடாது. அதற்காக 1983 ஆடித் திருவிழாவை நிறுத்த முடியுமா? தோட்டத்துக் கோயில் தலைவர் மாடசாமி கங்காணி பிரிஞ்சாங் டவுனில் ஒரு கேசட் வாங்கிவந்து ஒலிபெருக்கியில் போட்டார். அதில் அம்மனை அழைக்கும் பாட்டு இருந்தது. மலையேற்றி வழியனுப்பும் பாட்டு இல்லை. யாரும் அதை யோசிக்கவில்லை.

கேசட் முடிந்தது. அம்மன் இறங்கிய அம்சவல்லியின் ஆட்டம் முடியவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து வந்து சில நாட்கள்தான். இதயம் பலவீனம், ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது உதடு நீலம் பாரித்துவிட்டது.

விபூதி அடித்தார்கள். எலுமிச்சை கொடுத்தார்கள்.

"பாட்டு இல்லாமப் போகமாட்டேன்!"

குரல் அவளுடையதாக இல்லை.

அவள் புருஷன் விஜயன் கங்காணியின் கையைப் பிடித்தான். "தங்கையா மாமாவக் கூப்பிடுங்க!"

"முடியாதுலா! தீட்டோட உள்ள வந்தா அம்மன் சும்மா இருப்பாளா?"

"கேசட்டத் திருப்பிப் போடவா?" என்றான் ஒலிபெருக்கிக்காரன்.

"இன்னொரு தடவ கூப்பிடப் போறியாடா, மடையா?"

விஜயன் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தங்கையாவின் லயத்து வீட்டை நோக்கி ஓடினான்.

"டேய்! சாமியத் தீட்டு வீட்டுக்கா தூக்கிட்டுப் போற?"

"என் பொஞ்சாதியத் தூக்கிட்டுப் போறேன்!"

தங்கையா வாசலில் இருந்தார். உள்ளே, மனைவி படுத்த இடத்தில் விளக்கு எரிந்தது.

"வேணாம்டா. இந்த வாயில ஒப்பாரிதான் வருது."

"ஒப்பாரியாவே பாடுங்க மாமா. இல்லேன்னா நாளைக்கு என் வீட்டுலயும் இந்த வெளக்குதான்."

தங்கையா எழுந்தார். உடுக்கை கையில் இல்லை. கதவில் உள்ளங்கையால் தாளம் போட்டார்.

'வந்த வழி குளிரட்டும், வாசல் விட்டு ஏறு தாயே...'

முதல் அடி அழுகையாகத்தான் வந்தது. அடுத்த அடியில் குரல் உடைந்து நின்றது. மறுபடி எடுத்தார். இம்முறை நிற்கவில்லை. அம்சவல்லியின் கால்கள் தாளத்துக்கு அசைந்து, மெல்ல மெல்ல ஓய்ந்தன. விஜயன் மடியில் சரிந்தாள். அவன் அவள் நெஞ்சில் காதை வைத்தான்.

துடித்தது.

"தண்ணி..."

தங்கையா தம்ளரோடு வந்தவர், படியிலேயே தயங்கினார். சாவு வீட்டுத் தண்ணீர்.

பின்னாலேயே ஓடிவந்திருந்த கங்காணி மூச்சு வாங்கியபடி தம்ளரைப் பார்த்தார். கை நீட்டி வாங்கி, அவள் வாயில் வைத்தார். கோயிலில் பூசை பாதியில் நின்றிருந்தது. இனி தலை முழுகாமல் அவரும் உள்ளே போக முடியாது.

"மெதுவாக் குடிம்மா," என்றார்.