முப்பத்தேழாம் நம்பர் நிலத்தின் ஒன்பது ஆகஸ்ட்டுகள்

கணினித் திரையில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வழக்கம்போல நான்தான் எதையோ சொதப்பியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இர்பித் நகரத்தில் நான் படிப்பது வரைபடப் படிப்பு. செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிலத்தில் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்கு, அவரவர் ஊரில் ஒரு நிலத்தை எடுத்து, ஒன்பது ஆண்டுகளில் அதன் பசுமை எப்படி மாறியது என்று காட்டச் சொன்னார் எங்கள் பேராசிரியர் கதீர். ஆகஸ்ட் மாதப் படங்களை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. மார்ச்சில் எங்கள் மலையில் கல்கூடப் பச்சையாகத்தான் தெரியும். ஆகஸ்ட்டில் புல்லெல்லாம் கருகிய பிறகு மிஞ்சுகிற பச்சை மரத்துடையது மட்டும்தான்.

நான் எடுத்தது முப்பத்தேழாம் நம்பர் நிலம். அஜ்லூன் மலையில் எங்கள் ஊருக்குக் கீழே, சரிவில் இருக்கிற ஆலிவ் தோப்பு. தாத்தா இறந்தபோது அது முயஸ்ஸர் அத்தைக்கு வரவேண்டிய பங்கு. ஊற்று வற்றிவிட்டது, மரமெல்லாம் செத்துவிட்டது, வெறும் கல்லுக்கு எதற்குப் பட்டா என்று அப்பா சொன்னார். அத்தை கோர்ட்டுக்குப் போய், தம்பியான அப்பாவுக்கே விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் பக்கம் அக்கா தங்கைகள் அப்படித்தான் போடுவார்கள். போடாதவளை ஊர் சும்மா விடாது. செத்த தோப்பு ஒன்று கைவசம் இருக்கும்போது மார்க் வாங்க என்ன கஷ்டம் என்றுதான் நான் அதை எடுத்தேன்.

ஒன்பது ஆகஸ்ட்டிலும் அது பச்சையாக இருந்தது. கடைசி மூன்றில் இன்னும் அடர்ந்திருந்தது.

பக்கத்து இருக்கை சுஹாத் எட்டிப் பார்த்தாள். “உங்க ஊர்ல செத்தாத்தான் துளிர்க்குமா?” என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். எங்கள் நில வரைபடங்கள் பிரிட்டிஷ்காரன் காலத்துக் கட்டத்தில் வரைந்தவை, செயற்கைக்கோள் வேறு அளவையில் பார்க்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாமல் அப்படியே வைத்தால் எல்லைக்கோடு நகர்ந்து பக்கத்து ஆள் நிலத்தில் போய் உட்காரும். எங்கள் வகுப்பில் இந்தத் தப்பைச் செய்யாதவர் கிடையாது. இந்தப் பச்சை யாரோ பக்கத்து ஆளுடையது என்று நினைத்துக்கொண்டு மாற்றிப் பார்த்தேன். மூன்று தடவை மாற்றினேன். கோடு அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, இது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பேராசிரியரிடம் காட்டினேன். படத்தை நம்பாதே, போய் நின்று பார் என்று சொல்லி, கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்தார். எந்தப் படத்துக்கும் அதுதான் கடைசிச் சோதனை. நிலத்தில் போய் நிற்காமல் மார்க் கிடையாது.

சனிக்கிழமை காலை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சரிவில் இறங்கினேன். சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கம் பாழ்கிணறு, பாம்பு என்று சொல்லி அப்பா எங்களைப் போகவிட்டதில்லை. அவ்வளவு வளர்ந்த பிறகும் பாம்புக்குப் பயந்துதான் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன், முட்டாள்.

பாம்பு இல்லை. நீல நிறப் படுதா விரித்திருந்தது. அதன்மேல் ஆலிவ் காய்கள் குவிந்து கிடந்தன. இரண்டு கூலியாட்கள் காய் உதிரக் கிளையைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார்கள், ஏணிமேல் அப்பா நின்றிருந்தார். மரத்தடியில் கறுப்புக் குழாய் ஓடியது, அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருவியைப் பார்த்தேன். நான் நின்றிருந்தது எல்லைக்கு நாற்பது மீட்டர் உள்ளே.

அப்பா மெதுவாக இறங்கி வந்தார். என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

“அது என்ன சொல்லுது?”

“அத்தை நிலம்னு சொல்லுது.”

கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு நிக்க உனக்கு யாரு கத்துக்கொடுத்தா, அரீஜ்? காலேஜ். காலேஜுக்கு யாரு கட்டினா? இந்த மரம். என் பங்குக்கு வந்த மேல் தோப்புல வர்றது வாய்க்கும் வயித்துக்குமே பத்தாது.”

என் மூன்று வருடப் படிப்பும் அந்தப் படுதாவின்மேல் குவிந்து கிடந்தது. மதியம் அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். வண்டியிலிருந்து ஒரு டின் புது எண்ணெயை எடுத்து என் காலடியில் வைத்தார். வருடா வருடம் அத்தைக்குப் போகும் டின் அது.

“சந்தையில வாங்கினதுன்னு சொல்லு,” என்றார்.

இர்பித்தில் நான் தங்கியிருப்பது அத்தை வீட்டில். புருஷன் இல்லாத வீடு. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். என்னிடம் வாடகை என்று ஒரு பேச்சுக்கூட எடுத்ததில்லை. டின்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ரொட்டியைப் பிய்த்து, கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, ஸஅத்தர் என்கிற மூலிகைப் பொடியைத் தள்ளி வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள்.

“கைக்காசைப் போட்டு வாங்கி அனுப்புறான் பாரு. அல்லா என் தம்பி நவ்வாஃபுக்கு பரக்கத்தைக் கொடுக்கட்டும்.”

எட்டு வருடமாக இதைத்தான் சொல்கிறாள். மூன்று வருடமாக அந்தக் கிண்ணத்தில் நானும் தொட்டுத் தின்றிருக்கிறேன். சந்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

“இந்தக் கட்டம் யாருதுன்னு தெரியுதா அத்தை?”

நம்பரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்ட நம்பர் மறக்குமா. படத்தின்மேல் இருந்த வருடத்தை உரக்கப் படித்தாள், அடுத்ததற்குப் போகச் சொன்னாள், பிறகு அதற்கடுத்தது. பச்சை என்றால் என்ன அர்த்தம் என்று ஒருமுறைதான் கேட்டாள். இரண்டாவது படத்துக்குத் திரும்பி வந்து அதன்மேல் விரலை வைத்தாள்.

“இந்த வருஷம்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன். அப்பவே உயிரோடத்தான் இருந்துதா?”

“இருந்துது அத்தை. நான் இன்னைக்குப் போய் நின்னு பார்த்தேன். காய் பறிச்சுக்கிட்டிருந்தாங்க.”

“அப்போ இது?” என்று கிண்ணத்தைக் காட்டினாள்.

“உங்க மரத்துது.”

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். “என் எண்ணெயை எனக்கே கொடுத்தவனுக்கா இத்தனை வருஷம் கையேந்தினேன்?” என்றாள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் படிப்புக்குக் கட்டியதும் அந்த மரம்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்தால் நானும் அப்பாவும் ஒன்று. அத்தை என் பக்கம் திரும்பினாள். வீட்டைவிட்டுப் போ என்பாள் என்று காத்திருந்தேன்.

“இந்தப் படத்தை எப்போ எல்லார் முன்னாடியும் காட்டணும்?”

“செவ்வாய்க்கிழமை.”

“அப்போ நல்லாக் காட்டு. என் மரத்துல படிச்ச படிப்பு, வீணாப் போகக் கூடாது. முன்வரிசையில எனக்கும் உங்கப்பனுக்கும் ரெண்டு நாற்காலி போடச் சொல்லு. இப்பவே அவனைக் கூப்பிடு.”

அவள் எதிரிலேயே போன் செய்து, அவளுக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். அப்பா எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

“சந்தையில வாங்கினதுன்னு சொன்னியா?”

அத்தை குனிந்து போனருகில் வாயை வைத்தாள்.

“சொல்லலை, நவ்வாஃப். படம் போட்டுக் காட்டினா.”

அத்தை போனை அணைக்கவில்லை, அவர் பேசட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.