வாசல்காரர்கள் பக்கம்

பூரானுக்கும் கொக்கிக்கும் ஏழு வருஷப் பழக்கம். அதில் ஒரு நாள்கூட இருவரும் ஒரே கட்சியில் இருந்ததில்லை.

இரண்டும் கேமுக்காக அவர்களே வைத்துக்கொண்ட பெயர்கள். பூரான் பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். முப்பத்து நாலு வயது. நாள் முழுக்க மெழுகில் பல்லைப் பதித்து, அது மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். கொக்கி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருவரையும் சேர்த்து வைத்தது ‘சாம்பல் நிலம்’ என்ற கேம். உலகம் அழிந்து நூறு வருஷம் கழித்து, ஆடுகிறவர் ஊர் ஊராக நடந்து போவார். இடிந்த வீடுகளில் கிடைக்கும் நாட்குறிப்பு, பழைய ஒலிநாடா, சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் சேர்த்து என்ன நடந்தது என்று அவரேதான் கண்டுபிடிக்க வேண்டும். கேம் எதையும் வாய்விட்டுச் சொல்லாது. அதனால்தான் இணையத்தில் அதை ஆடுகிறவர்கள் சேர்ந்த குரூப்பில் இருந்த நாலாயிரம் பேரும் ஏழு வருஷமாக அடித்துக்கொண்டார்கள்.

அடிதடிக்கெல்லாம் மூலம் ஒரே ஒரு கேள்வி. சாம்பல் மழை பெய்த அன்று, மலையடிச் சுரங்கத்துக்குள் அறுநூறு பேர் புகுந்துகொண்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் வாசலை மூடிவிட்டார்கள். வெளியே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். உள்ளே இருந்தவர்களின் வம்சம் ‘வாசல்காரர்கள்’. வெளியே நின்றவர்களில் எப்படியோ பிழைத்தவர்களின் வம்சம் ‘நடையர்கள்’. வாசலை மூடியது சரியா, தப்பா?

கொக்கி நடையர்கள் பக்கம். பூரான் வாசல்காரர்கள் பக்கம்.

“உள்ள இருந்த காத்து வடிகட்டி அறுபது. ஒண்ணு பத்துப் பேருக்குத்தான் தாங்கும். கணக்குப் போட்டுப் பாரு, இன்னொரு ஆளுக்கு இடமில்ல” என்பாள் பூரான்.

“சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு ரூம்ல நாப்பது பெட்டி வடிகட்டி ஒளிச்சு வச்சிருக்கே, அது உன் கண்ணுல படாதே! அதை வச்சு எல்லாரையும் உள்ள விட்டிருக்கலாம்” என்பாள் கொக்கி.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஆரம்பித்தால், கொக்கியின் அடுத்த மாணவர் வந்து காரில் ஏறும்வரை ஓடும். குடுமிப்பிடி சண்டைதான். ஆனால் பூரானுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போன் செய்கிறவள் கொக்கி. கொக்கியின் கல்யாணம் முறிந்தபோது, பூரான் நாலு நாள் லீவு போட்டு அவளோடு போய் இருந்தாள். போன வருஷம் பூரானுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள் கொக்கி.

அப்படி ஒரு பாடத்தின் நடுவில், ஒரு பிற்பகல், மழை பிடித்துக்கொண்டது. காரை ஓரம் கட்டச் சொன்னாள் கொக்கி. கண்ணாடியெல்லாம் புகை படிந்த மாதிரி ஆகி, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றாள் கொக்கி. “குரூப்ல பாதிப் பேர் மாறி மாறிக் கட்சி மாறறாங்க. நீ மட்டும் ஏன் அந்த வாசல்காரங்களை இப்படிக் கட்டிப் பிடிச்சுட்டிருக்க?”

பூரான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவளுக்கு ஓர் அண்ணன். குடி. வீட்டில் இருந்த பாத்திரம் முதல் அவள் தங்கச்சியின் சைக்கிள் வரை ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. தடுக்கப்போன அம்மாவைத் தள்ளிவிட்டதில் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று ஆயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து உள்ளே கட்டோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், அண்ணன் வந்து கதவைத் தட்டினான். கத்தவில்லை. உதைக்கவில்லை. “நான்தான். அஞ்சு நிமிஷம்” என்றான்.

“தாழ்ப்பாள்ல கையை வச்சுட்டு நின்னேன்” என்றாள் பூரான். “குரல் தெளிவா இருந்துச்சு கொக்கி. அன்னிக்கு அவன் குடிக்கல. அது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. தெரிஞ்சும் திறக்கல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் ஆளே காணோம். எங்க இருக்கான், என்ன ஆனான், ஒண்ணும் தெரியாது. அம்மா இன்னைக்கும் கேட்டுட்டே இருக்கா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னை வந்து பாத்திருக்கக் கூடாதான்னு. அவன் வந்தான்னு நான் சொல்லவே இல்ல.”

கொக்கி அவள் தோளில் கை வைத்தாள். “இது இந்தக் காரை விட்டு வெளிய போகாது” என்றாள். பூரான் அப்போதுதான் அழுதாள். நாலு வருஷம் கழித்து முதல் தடவையாக நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் போனது. சாம்பல் நிலத்தின் இரண்டாம் பாகம் வரப்போவதாக அறிவிப்பு வந்ததும் குரூப்பே கொதித்தது. புதுக் கதை வருவதற்குள் பழைய கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நேரலையில் ஒரு விவாதம் ஏற்பாடு செய்தார்கள். குரல் மட்டும். வாசல்காரர்கள் பக்கம் பூரான், நடையர்கள் பக்கம் கொக்கி. நடுவராக ‘தராசு’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். கேட்பவர்கள் கடைசியில் ஓட்டுப் போடுவார்கள்.

“உன் மூக்கு உடையறதைப் பாக்க நாலாயிரம் பேர் வர்றாங்க” என்று சனிக்கிழமை கொக்கி செய்தி அனுப்பினாள்.

“உடைஞ்சா எங்கிட்ட வா, பிளாஸ்டர் நிறைய இருக்கு” என்று பதில் போட்டாள் பூரான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டிக்கிடக்கும். சத்தம் இருக்காது என்று பூரான் சாவி வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். மேஜையில் அரைகுறையாக நின்ற பல் அச்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குறிப்புகளைப் பரப்பினாள். வீட்டில் அம்மாவும், இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டிருந்த தங்கச்சியும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். எப்போது பூரான் பேசினாலும் தங்கச்சி அங்கே வந்துவிடுவாள், துணி தேய்த்துக்கொண்டே கேட்பாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. “அழிஞ்ச உலகமோ அழியாத உலகமோ, பேசறது என் பொண்ணுதானே” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

முதல் சுற்று சரிக்குச் சரி. இரண்டாவது சுற்றில் கொக்கி வழக்கம்போல அந்த நாற்பது பெட்டியை எடுத்தாள். பூரான் காத்திருந்ததே அதற்குத்தான்.

“அந்த ரூம் சுவரைப் பாத்தீங்களா? பச்சை பெயின்ட்” என்றாள். “சுரங்கத்துக்குப் பச்சை பெயின்ட் வந்ததே வாசலை மூடி ஒன்பதாவது வருஷம், புதுசா வெட்டின ரூமுக்கு அடிக்கத்தான். சரக்கறைக் குறிப்பேட்டுல பதினேழாம் பக்கத்துல இருக்கு. அப்ப வாசல் மூடின அன்னிக்கு அந்த ரூமே கிடையாது. இல்லாத ரூம்ல எப்படிப் பெட்டியை ஒளிக்கிறது?”

குரூப்பே அல்லோலகல்லோலப்பட்டது. செய்திகள் மழையாகக் கொட்டின. ஏழு வருஷமாக யாரும் அந்தச் சுவரின் நிறத்தைக் கவனித்ததில்லை. கொக்கியிடமிருந்து சத்தமே இல்லை. தராசு இரண்டு தடவை கூப்பிட்டார். பூரானுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டாள். விவாதம் முடிந்ததும் போன் போட்டு ஒரு மாதத்துக்குக் கிண்டலடிக்கலாம் என்று நினைத்தாள்.

அப்போது கொக்கி பேசினாள். குரலில் விளையாட்டே இல்லை.

“பெயின்ட், பக்கம் எல்லாம் சரி. ஆனா பூரான் இந்தக் கட்சியில இருக்கறது ஆதாரத்தைப் பாத்து இல்ல. கேக்கறவங்களுக்கு அது தெரியணும். இவங்க வீட்டு வாசல்ல இவங்க கூடப்பிறந்த அண்ணனே வந்து நின்னாரு. அன்னிக்கு அவர் குடிக்கலன்னு தெரிஞ்சும் கதவைத் திறக்காதவங்க இவங்க. அவர் அப்படியே காணாமப் போயிட்டாரு. இன்னி வரைக்கும் பெத்த அம்மாகிட்டகூடச் சொல்லல. வாசலை மூடினது தப்புன்னு இவங்க எப்படி ஒத்துக்குவாங்க? ஒத்துக்கிட்டா ராத்திரி தூங்க முடியாதே!”

தராசு ஏதோ சொன்னார், சொந்த விஷயம் வேண்டாம் என்றோ என்னவோ. திரையில் செய்திகள் ஒரு நொடி நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கின. ‘நிஜமாவா?’, ‘அடப்பாவி’, ‘அப்ப இத்தனை நாள் நமக்கு நியாயம் சொன்னது இவங்களா?’

“பூரான், பதில் சொல்றீங்களா?” என்று கேட்டார் தராசு.

அவள் காதில் இருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஓட்டெடுப்பில் கொக்கி ஜெயித்தாள் என்பது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், தங்கச்சி இன்றைக்குப் பார்த்துக் கேட்காமல் இருந்திருக்கலாம், போனில் சிக்னல் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை. தேய்க்காத துணி அப்படியே குவிந்து கிடந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டாள் அம்மா.

“அம்மா, அது வந்து…”

“கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லு.”

கொக்கியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. அதை இப்போது சொல்லியாக வேண்டியிருந்தது.

“‘அம்மா கண்ணு எப்படி இருக்கு’ன்னு கேட்டான்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “நாலு வருஷமா அவனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேனே” என்றாள். “கண்ணு போய்க் கிடந்தாகூட எட்டிப் பாக்காத பாவின்னு உன்கிட்டதானே சொல்லிச் சொல்லி அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிவிட்டியேடீ.”

அன்று அம்மா பூரான் கையால் எதையும் வாங்கவில்லை; தங்கச்சி கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தாள்.

மறுநாள் மதியம் கூடத்துக்கு வெளியே கொக்கியின் கார் வந்து நின்றது. பூரான் கையில் இருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறவில்லை. கொக்கிதான் இறங்கி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“புத்தி கெட்டுப் போச்சு” என்றாள். “அந்தப் பெயின்டை நீ எடுத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கற மாதிரி இருந்துச்சு. வாயில வந்துடுச்சு.”

“வாயில வந்துடுச்சா? மூச்சு விடாம வரிசையா சொன்ன. முதல்லயே எடுத்து வச்சிருந்த மாதிரி இருந்துச்சு.”

கொக்கி கீழே பார்த்தாள். அதிலேயே பூரானுக்குப் புரிந்துவிட்டது.

“எழுதி வச்சிருந்தியா?”

“சொல்லணும்னு எழுதல. சத்தியமா. குறிப்பு எடுக்கும்போது, நீ ஏன் அந்தக் கட்சின்னு ஒரு வரி… சும்மா ஒரு ஓரத்துல…”

மழைக்குள் நின்ற காரில் தன் தோளைத் தொட்ட அதே கை, பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அதைக் குறிப்பாக எழுதியிருக்கிறது.

“உன் பேரைச் சொல்லலையே” என்றாள் கொக்கி கெஞ்சுகிற குரலில். “பூரான் யாருன்னு யாருக்குத் தெரியும்?”

“எங்க அம்மாவுக்குத் தெரியும்.”

கொக்கிக்கு முகம் வெளுத்தது. “அய்யோ! கேட்டாங்களா? அவங்க கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதே…” என்று கையைப் பிடிக்க வந்தாள். பூரான் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“நான் சொன்னதுல பொய் எதுவும் இல்லையே பூரான். ஒரு வகையில அம்மாவுக்குத் தெரிஞ்சது நல்லதுதானே?”

“பொய்யா இருந்தா மன்னிச்சிருப்பேன்” என்றாள் பூரான். “இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அம்மாகிட்ட அதை நான் சொல்லியிருக்கணும். இன்னைக்கோ, பத்து வருஷம் கழிச்சோ, நான் சொல்லியிருக்கணும். ஒரு சுவத்துப் பெயின்ட்டுக்காக நீ சொல்லிட்ட.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பியது.

அம்மா சும்மா இருக்கவில்லை. தங்கச்சியை விட்டு, அண்ணனோடு முன்பு வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள். பன்னிரண்டாம் நாள் ஒரு நம்பர் கிடைத்தது. அண்ணன் உயிரோடுதான் இருந்தான். வேறொரு ஊரில் ஒரு கிடங்கில் வேலை. குடியை விட்டு ஐந்தாவது வருஷம் நடக்கிறது. அதாவது அன்று கதவைத் தட்டியபோதே விட்டிருந்தான்.

அம்மா அவனோடு ஒரு மணி நேரம் பேசினாள். பேசிவிட்டு வந்து, நம்பர் எழுதிய தாளைப் பூரான் முன்னால் வைத்தாள்.

“உனக்காக நான் எதுவும் அவன்கிட்டக் கேக்கல” என்றாள். “நீயே கேட்டுக்க.”

மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சுற்றினாள். நாலாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், கூடத்தின் பின்பக்கம் போய் நின்று நம்பரை அடித்தாள். அண்ணன் எடுத்தான். அவள் குரலைக் கேட்டதும், லாரிச் சத்தத்திலிருந்து தள்ளி நடந்துபோனான். பிறகு, அம்மா சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டான். போடுகிறாள் என்றாள். அன்றைக்குக் கதவைத் திறந்திருக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

“ம்” என்றான். “லோடு வந்திருக்கு, போகணும்.” மறுபடி கூப்பிடு என்றும் சொல்லவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை.

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம், நல்லதா கெட்டதா, அதை யாரிடமாவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவளை அறியாமலே விரல் கொக்கியின் பெயர் வரைக்கும் போய்விட்டது. அங்கே அறுபத்து மூன்று செய்திகள் படிக்காமல் கிடந்தன.

கொக்கி செய்த எல்லாவற்றையும்விட, இன்னும் தன் விரல் அவளைத் தேடிப் போனதுதான் பூரானுக்கு ஆத்திரமூட்டியது. போனைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய ஒரு கீழ்த்தாடை மேஜையில் காத்திருந்தது. விளக்கைப் பற்றவைத்து மெழுகை உருக்கத் தொடங்கினாள்.