பை பிடிக்க ஓர் ஆள்

வேன்காரம்மா ஓட்டுகிற பள்ளி வேன் நாற்பதுக்கு மேல் போகாது. அவள் மிதிக்காததால் அல்ல. மிதித்தாலும் போக முடியாதபடி அதற்கு ஒரு கருவியை மாட்டி வைத்திருக்கிறார்கள். காலி வேனை ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போதுகூட ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போகும். பிள்ளைகள் இருக்கும்போதோ பின்னால் காது கிழியும். "கத்தாதீங்கடா கண்ணுங்களா" என்று சொல்வது அவள் வேலையில் பாதி. வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லியே, ஒரு நாளாவது இந்தப் பிள்ளைகளைப் போல நாமும் வாய்விட்டுக் கத்தித் தீர்க்க வேண்டும் என்று ஓர் ஆசை அவளுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓட்டுகிறவளே கத்தினால் அந்த வண்டியில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

அவள் கணவனுக்கு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவனுக்கு வைத்த பெயர் சல்லிசு. கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சன் வாங்கவே மாட்டான். இவன் எல்லாவற்றையும் வாங்குவான், ஆனால் பக்கத்து ஆளைவிடக் குறைத்து வாங்கினால்தான் அந்தப் பொருள் அவன் மனதில் ஒட்டும்.

வெளிநாட்டுத் தீம் பார்க்குக்குப் போவது என்று கிளம்பியதே ஒரு வீம்பில்தான். உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாளில், விளம்பரத்தில் பார்த்த ரோலர் கோஸ்டரைப் பற்றி அவர்கள் மகள் சின்னவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். சல்லிசின் அண்ணன் பல் குத்திக்கொண்டே ஒரு போடு போட்டார்.

"அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம்மா. உங்கப்பனைப் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. அங்கயும்தான் ராட்டினம் சுத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். சல்லிசும் சிரித்து வைத்தான். ராட்டினம் என்றதும் அவன் முகம் கொஞ்சம் சுண்டியதை மனைவி மட்டும் கவனித்தாள். கல்யாணமான புதிதில் அவளோடு ராட்டினம் ஏறியவன், இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அந்த விஷயம் அவர்கள் இருவரைத் தாண்டி வெளியே போனதில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னான்: "போறோம். நாலு பேரும் போறோம். யார்கிட்டயும் கைநீட்டாமப் போறோம்."

வேன்காரம்மாவுக்கு அவனை அந்த நிமிஷம் அவ்வளவு பிடித்திருந்தது. ஞாயிறுகளில் டியூஷன் பிள்ளைகளுக்கும் வேன் எடுத்தாள். பாஸ்போர்ட்டுக்குக் கால் கடுக்க நின்றாள். பள்ளி விடும்வரை வாசலில் காத்திருக்கும்போது, போனில் அந்த ரோலர் கோஸ்டர் வீடியோவைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பாள். முன் சீட்டில் ஒருத்தி, இவள் வயதுதான் இருக்கும், முடி பறக்க, உள்நாக்குத் தெரியக் கத்திக்கொண்டு வருவாள். அந்த இடம் வந்ததும் வேன்காரம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வண்டி என்னவோ நின்றபடிதான் இருக்கும்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் காலையில் திட்டம் தயாரானது. சல்லிசு குளித்து, தலை வாரி, போனை டிவியோடு இணைத்து, கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கு டைல்ஸ் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினான். சின்னவளும், அவளுக்கு நான்கு வயது மூத்த பெரியவனும் சோபாவில் முண்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சீசன் முடிஞ்ச மறு வாரம் போறோம். கூட்டமும் இல்ல, விலையும் இல்ல. பிளேன்ல பெட்டி போட்டாத் தனிக் காசு. அதனால தோள்பை மட்டும்தான். ஆளுக்கு ரெண்டு செட்டுத் துணி, அங்கயே அலசிப் போட்டுக்கலாம். ஹோட்டல் வேண்டாம். அடுப்போட ஒரு சின்ன வீடு பிடிச்சிருக்கேன். சமைச்சுக்கிட்டா வெளிச் சாப்பாட்டுச் செலவே கிடையாது."

பெரியவன் கைதட்டினான். சல்லிசு கையைத் தூக்கி நிறுத்தினான். முக்கியமானது இன்னும் வரவில்லை.

"உள்ள போறதுக்கு மட்டும்னு ஒரு டிக்கெட் இருக்குடா. எதுலயும் ஏற முடியாது, உக்காந்து வேடிக்கை பாக்கலாம். நம்ம டிக்கெட்ல கால்வாசி விலை. அம்மாவுக்கு அது போதும். நாம ஏறும்போது பையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல?"

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இவன் அப்பாவியாக, சந்தோஷமாக, அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான்.

"துணி அலசறது யாரு?" என்றாள்.

"நாமதான்."

"நாமன்னா யாரு?"

சல்லிசு போன் திரையைச் சட்டையில் துடைத்தான்.

"சமைக்கிறது?"

பெரியவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பையை யாரு பிடிக்கிறதுன்னுதான் டிவியிலேயே போட்டாச்சு. ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க இத்தனை நாளா மிச்சம் பிடிச்சது காசை இல்ல. என்னைப் பிடிச்சு வச்சிருக்கீங்க."

"ஏம்மா இப்படிப் பேசுற? நம்ம வீட்டு வேலைதானே? சரி, சமையல் துணியெல்லாம் பாத்துக்கலாம் விடு. ஆனா இந்த வயசுல அதுல ஏறி நீ என்ன பண்ணப் போற?"

ஒரே வார்த்தையில் அவனை வாயடைக்க வைத்திருக்கலாம். ராட்டினம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். பிள்ளைகள் முன்னால் அவன் பயத்தை விற்று வாங்குகிற சீட்டு அவளுக்கு வேண்டாம்.

சின்னவள் அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி, சட்டென்று வழி கண்டுபிடித்தாள். "அப்பா, நான் குள்ளம்ல? குள்ளமா இருக்கறவங்க கூடப் பெரியவங்க யாராவது ஏறணும்னு அந்த விளம்பரத்துல போட்டிருக்கே. அம்மா எனக்குத் துணைக்கு வரட்டும்!"

"அட, ஆமா!" சல்லிசுக்கு உயிர் வந்தது. "குழந்தைக்குத் துணைன்னா அது நியாயமான செலவு. அம்மா டிக்கெட்டையும் மாத்திடறேன்."

மூன்று பேரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும், சீட்டுக் கிடைத்திருக்கும். வேன்காரம்மா எழுந்து நின்றாள்.

"வேண்டாம்."

"அதான் மாத்தறேன்னு சொல்றேனே!"

"துணைக்கு வேண்டாம். வருஷம் பூரா ஊர்ப் பிள்ளைகளுக்குத் துணை போயிட்டுத்தான் இருக்கேன். இவளுக்கு இவ அண்ணன் துணை போவான். அவன் வயசுக்கு அங்க விடறாங்க, நான் பாத்துட்டேன். நான் ஏறினா எனக்காக ஏறுவேன். முன் சீட்டுல."

"ஏறி?"

"கத்துவேன்."

"கத்துவியா?" சல்லிசு சிரித்துவிட்டான். "அதுக்கா அவ்வளவு தூரம்?"

அவள் கத்தினாள். சமையலறைப் பக்கம் ஏதோ ஒரு தட்டு அதிர்ந்தது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள், பெரியவன் சோபாவிலிருந்து நழுவினான். ஒரு மூச்சு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். இன்னொரு மூச்சு இழுத்து, இன்னும் ஒரு படி மேலே போய்க் கத்தினாள். தொண்டை எரிந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது!

கதவு தடதடத்தது. அவள் போய்த் திறந்தால், மாடிவீட்டுக்காரர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கையில் ரேசரோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். வெளிநாடு போறோம்ல, அதுக்கு ஒத்திகை பாக்கறேன்" என்றாள். அவர் மிச்ச நுரையோடு படியேறிப் போனார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சல்லிசு போனை எடுத்துக் குனிந்துகொண்டு எதையோ அழித்து, எதையோ தட்டினான். டிவியில் டிக்கெட்டுகள் இடம் மாறின. ஏறாதவர் டிக்கெட்டுக்கு எதிரே இப்போது அவன் பெயர் இருந்தது.

"மாத்திட்டேன். செலவு ஒரு பைசா ஏறல" என்றான். போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் இந்த முதுகு வேற அப்பப்போ…" என்று இழுத்தான்.

எந்த முதுகு என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றியாக அவன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"உங்க தம்பி பொண்டாட்டி முன் சீட்டுல உக்காந்து கத்தினதுல பார்க்கே திரும்பிப் பாத்துச்சுன்னு சொல்லுங்க."

"சரி. அப்போ பையை நான் பிடிச்சுக்கறேன்."

"கெட்டியாப் பிடிங்க" என்றாள் வேன்காரம்மா. "ஏறும்போது கழட்டற என் செருப்பும் அதுலதான் இருக்கும்."