ஐந்தாவது ஆள்

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஏசி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம், வகுப்புக்குப் போக மனமில்லாமல், காசு கேட்காமல் குளிர்காற்று தரும் இடம் ஊரில் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே விடுகிறார்கள். தூங்கினால் மட்டும் காவலர் வந்து தோளைத் தட்டுகிறார். கீழே உறுப்பினர்களின் தோளை யாரும் தட்டுவதில்லை. (அரதப்பழசான நகைச்சுவை. அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அன்று உண்மையில் குறட்டை கேட்டது.)

கடைசி வரிசையில், தூணை ஒட்டி, ஒருவர் மட்டும் கண்ணும் கருத்துமாக விழித்திருந்தார். ஆளுங்கட்சிக்காரர். அமைச்சர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத் தலையை இம்மியளவு பின்னால் சாய்த்தால் போதும், இவர் மேசையைத் தட்டுவார். மற்றவர்கள் கடனுக்குத் தட்டினார்கள். இவரிடம் தாளம் இருந்தது. சபைக்கு வெளியே அவருக்குத் 'தபேலா' என்று பெயர் என்று காவலர் சொன்னார். கிண்டல் செய்ய இதைவிடக் கொழுத்த ஆள் கிடைக்கமாட்டார் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "மாண்புமிகு உறுப்பினரின் இத்தனை வருடப் பங்களிப்பை ஒரே வரியில் சொல்வதானால்

இங்கேயே நின்றுவிட்டது. ஒரு வரி அவருக்கு அதிகம். அச்சிட்ட சபைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. '(மேசையைத் தட்டும் ஒலி)' என்று அங்கங்கே வருகிறது. மனிதர் தன் அரசியல் வாழ்க்கை முழுவதும் அடைப்புக்குறிக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

இரண்டாம் தொடக்கம்: "அவர் வாங்காத லஞ்சம்

இதுவும் நகரவில்லை. லஞ்சம் வாங்குவதற்கும் ஒரு மதிப்பு வேண்டும். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

மூன்றாம் தொடக்கம்: "அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார்."

இது இருக்கட்டும். அவர் வேன் ஓட்டினார், அதே வேனில் அவருடைய தங்கை உதவியாளர். பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றுவது, இறக்குவது, வண்டி பின்னால் போகும்போது கீழே இறங்கி நின்று பார்ப்பது அவள் வேலை. வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் வரலாம். இரண்டு தட்டினால் நிறுத்து. அண்ணன் கண்ணாடியைப் பார்த்ததைவிடத் தங்கையின் கையைக் கேட்டு ஓட்டியதுதான் அதிகம்.

பிறகு ஒரு தேர்தலில் கட்சியின் பிரசார வண்டியை ஓட்டப் போனார். அந்தத் தொகுதிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். யாருக்கும் ஆபத்தில்லாத ஆளாகப் பார்த்துக் கட்சித் தலைமை இந்த டிரைவருக்குச் சீட்டைக் கொடுத்தது. ஜெயித்தும் விட்டார். மேலே ஒரு கடவுள் இருக்கிறார் என்று அவர் நம்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கை வேன் வேலையை விடவில்லை.

3

விஷயத்துக்கு வருவோம். பள்ளி வேன்களில் ஓட்டுநரைத் தவிர ஓர் உதவியாளர் கட்டாயம் என்பது இப்போதுள்ள விதி. அதை நீக்க ஒரு திருத்தம் வந்தது. செலவு குறையுமாம். திருத்தம் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குப் போனது. ஐவர் ஆளுங்கட்சி, அவர்களில் ஐந்தாவது ஆள் தபேலா. நால்வர் எதிர்க்கட்சி.

குழு கூடி முடிவெடுக்கக் குறைந்தது ஐந்து பேர் அறையில் இருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். நாலு பேர் என்றால் கூட்டமே கிடையாது. கூட்டம் வைத்த அன்று குழுவின் கடைசி நாள். அன்றைக்கு முடிவெடுக்காவிட்டால் திருத்தம் முழுச் சபைக்குத் திரும்பிப் போகும். அங்கே எல்லோரும் பேசுவார்கள், பத்திரிகைகள் எழுதும், பெற்றோருக்குத் தெரிந்துவிடும். இதுபோன்ற திருத்தங்களுக்கு வெளிச்சம் ஆகாது.

எதிர்க்கட்சி நால்வரும் வரவில்லை. அதே நேரத்தில் முழுச் சபையில் வேறெதற்கோ வெளிநடப்பு செய்யப் போயிருந்தார்கள். அங்கே கேமரா உண்டு. வெளிநடப்பு செய்ய வேண்டிய அறை எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, மீதி ஐந்து பேர். கொறடா* தபேலாவை முந்தின நாளே கூப்பிட்டு, திருத்தத்தைப் படிக்கக்கூட வேண்டாம், வந்து சேர்ந்தால் சரி, அடுத்த தேர்தலுக்குச் சீட்டு நிச்சயம் என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்.

* கொறடா: சொந்தக் கட்சி உறுப்பினர்களை எப்போது வர வேண்டும், எதற்குக் கை தூக்க வேண்டும் என்று மேய்ப்பவர். கால்நடைத் துறையோடு தொடர்பில்லை.

அன்று காலை தங்கைதான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். தன் வேலை போகும் என்று அவள் புலம்பவே இல்லை. வேறு வேலை தேடிக்கொள்வேன், கை கால் இருக்கிறது என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நீ சட்டமெல்லாம் படிக்க வேணாம். பின்னாடி பாக்க ஆள் இல்லாம நீ வண்டிய எடுப்பியா? அத மட்டும் சொல்லு."

காலர் சரியாக மடியவில்லை என்றார் அவர்.

"காலர் நல்லாத்தான் மடிஞ்சிருக்கு. நீதான் மடிய மாட்டேங்கிற."

"எனக்கு அடுத்த தடவ சீட்டு வேணாமா?"

"வேன்ல டிரைவர் சீட்டு காலியாதாண்ணே இருக்கு."

4

இங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. கதாநாயகன் பேசாமல் இருந்தால் கதை எப்படி நகரும்? அவருக்காக ஓர் உரை எழுதினேன். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கும் சரக்கு. 'பிஞ்சுப் பாதங்கள்' என்று மூன்று இடத்தில் வந்தது. அவர் வாங்கிப் படித்துவிட்டு, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, இது உன் குரலு. நான் பேசுனா அங்க சிரிப்பாங்க."

சிரித்தால் கதைக்கு நல்லதுதான் அண்ணே என்றேன்.

"உன் கதைக்கு நல்லது. வேன்ல போற பிள்ளைங்களுக்கு?"

பாத்திரம் ஆசிரியரை மடக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது தெரியவில்லை. உரையைக் கிழித்தேன். அந்தப் 'பிஞ்சுப் பாதங்கள்' மட்டும் வேறு கதைக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

5

முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன், கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் அழுத்திப் பாருங்கள்.

அ) எதிர்த்து வாக்களிக்கிறார். நாலுக்கு ஒன்று, தோல்வி. விதியும் போச்சு, சீட்டும் போச்சு. இலக்கியக் கூட்டங்களில் இந்த முடிவுக்குத்தான் மரியாதை. வேனுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கு இதனால் நயாபைசா பிரயோசனம் இல்லை.

ஆ) நேரம் முடியும்வரை பேசிக்கொண்டே இருக்கிறார். மேலே நாலாம் பகுதி பார்க்க.

இ) நீங்கள் எல்லோரும் காத்திருக்கும் முடிவு. அவர் மேசையை இரண்டு தட்டு தட்டுகிறார். 'நிறுத்து!' உங்களுக்குக் கண்ணீர் வருகிறது. முடியாது. தபேலா மேசையைத் தட்டினால் அந்தக் கட்டடத்தில் ஒரே அர்த்தம்தான். ஏகமனதான ஆதரவு என்று பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஈ) எழுந்து போகிறார். ஆனால் குழுத்தலைவர் பழம் தின்று கொட்டை போட்டவர். யாரும் வெளியே நழுவக்கூடாது என்றுதான் டீயை அறைக்கே வரவழைத்திருக்கிறார், பிஸ்கட்டோடு.

6

நீள மேசை. தலைவர், வக்கீலாக இருந்த ஒருவர், காண்டிராக்டராக இருக்கும் ஒருவர், கண்மூடி யோசிக்கும் ஒருவர், தபேலா. குழுச் செயலாளர் திருத்தத்தை வாசித்து முடித்தார். தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

தபேலா எழுந்தார். நான் அவரை எழுப்பவில்லை. நான் அ-வா ஈ-யா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போறீங்க? டீ இங்கயே வருது."

"டீக்கு இல்லீங்க."

"பாத்ரூமா? ரெண்டு நிமிஷம், முடிச்சிட்டே போங்க."

"அதுக்கும் இல்லீங்க. நான் போனா நீங்க நாலு பேரு. அதுக்குத்தான் போறேன்."

அடைப்புக்குறிக்கு வெளியே அவர் பேசிய முதல் பேச்சு இது. நான் எழுதிக் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன். அடுத்த தடவை சீட்டு கிடைக்காது, தெரியுமில்லையா என்று வக்கீல் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார். தெரியும் என்று சொல்ல மட்டும் திரும்பினார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்து, "கோரம் இல்லீங்கய்யா," என்றார்.

7

இங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம். வைத்தேன், அழித்தேன். தலைவர் அசரவில்லை. அறையை மெதுவாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழுக் கூட்டத்துக்குப் பார்வையாளர் அனுமதி கிடையாது. எனவே உள்ளே யார் இருந்தாலும் அவர் உறுப்பினராகத்தான் இருக்க முடியும் என்பது அவருடைய வாதம். வக்கீலும் தலையாட்டுகிறார்.

நான் இந்தப் பத்திக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். கதவிடுக்கு வழியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்காலிகள் வரிசையாகத் தெரிகின்றன. தலைவர், வக்கீல், காண்டிராக்டர், கண்மூடியவர். அதற்கப்புறம் நீங்கள். ஆறாம் பகுதி முழுக்க, இருமாமல் அசையாமல், நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அந்த நாற்காலி.

தலைவர் உங்களைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. டீயை உங்கள் பக்கம் நகர்த்துகிறார். செயலாளரிடம் எண்ணச் சொல்கிறார்.

மிகுந்த மரியாதையோடு உங்களிடம் சொல்கிறார்: "நீங்க ஒண்ணும் செய்ய வேணாங்க. சும்மா உக்காந்திருங்க, போதும்."