முடிச்சில்லாத நூல்

காலையில் பின்கதவைத் திறந்த ரேணுகாம்பாள் படியிலேயே நின்றுவிட்டாள். அரக்கு நிறத்தில் விரிய வேண்டிய பூ ஆரஞ்சு நிறத்தில் விரிந்திருந்தது.

ஓரிக்கையில் அவள் வீட்டுக்குப் பின்னால் டே லில்லி ஐம்பது தூர் இருக்கும். காலையில் விரிந்து சாயங்காலமே சுருண்டுவிடுகிற பூ. பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு பருவம் பூத்துவிட்டு மற்ற மாதமெல்லாம் கோரைப்புல் மாதிரி கிடக்கும். திரும்பத் திரும்பப் பூக்கிற ஒன்று வேண்டும் என்பது அவளுடைய பைத்தியம். மஞ்சளின் மகரந்தத்தை எடுத்து அரக்கில் தடவி, காய் வெடிக்கக் காத்திருந்து, விதை போட்டு, தேறாத நாற்றையெல்லாம் பிடுங்கி எறிந்து, ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு செடி தேறியது. போன வருஷம் அது மூன்று முறை தண்டு விட்டது, ஒருமுறை கத்திரி வெயிலில். விதையிலிருந்து அதே பூ வராது. தூரைக் கிழங்கு கிழங்காகப் பிரித்து நட்டால்தான் உண்டு. சத்துணவுக் கூடத்தில் சோறு வடித்துவிட்டு வந்து அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் கையால் ஆன வேறெதுவும் அடுத்த வேளை வரை நின்றதில்லை.

பூவில்லாதபோது எல்லாத் தூரும் ஒன்றுதான். அடையாளம் நூல் மட்டுமே. அடுத்த வீட்டு இந்திராணி தறி வீடுகளுக்குப் போய், தறியின் நீள இழைகளான பாவைப் பிணைக்கிறவள். அந்தக் கூலியில்தான் மகள் மஹாலட்சுமியைக் கட்டிக்கொடுத்தாள். கழிவுப் பட்டு நூலைக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த ஒரு தூருக்கு மட்டும் பச்சை நூல்.

குனிந்து பார்த்தாள். பச்சை நூல் இருந்தது. நாம்தான் மாற்றிக் கட்டிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகுதான் கவனித்தாள், நூலில் முடிச்சு இல்லை.

ரேணுகாம்பாள் முசரவாக்கத்து விவசாய வீட்டுப் பெண். கன்றுக்குட்டியைக் கட்டுகிற இரட்டை முடிச்சைத்தான் நூலுக்கும் போடுவாள். இதில் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி விட்டிருந்தது. பழைய பாவோடு புதுப் பாவைச் சேர்க்கிறவர்கள் முடிச்சுப் போடுவதில்லை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு இழையாக முறுக்குவார்கள், ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில். அந்தக் கைக்கு வேறு பழக்கமில்லை.

தை பிறந்ததும் அம்மாவுக்கு முடியாமல் போய்ப் பத்து நாள் முசரவாக்கத்தில் இருந்தாள். வீட்டுச் சாவி இந்திராணியிடம். திரும்பியபோது இலை நுனியெல்லாம் பழுத்திருந்தது. "நான் தெனம் ரெண்டு வேள தண்ணி ஊத்திக்கினுதான் இருந்தேன்டி" என்றாள் இந்திராணி. ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை அவளுக்கு மடி நிறையக் கொட்டினாள் ரேணுகாம்பாள். அதன்பின் இரண்டு மாதம் இந்த ஆரஞ்சுக்குத்தான் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றியிருக்கிறாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இந்திராணி பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ரேணு, புள்ள பொறந்துச்சா?" தினமும் கேட்கிற கேலி.

"பொறந்துச்சு. எம்புள்ள இல்ல."

இந்திராணியின் கை நின்றது.

"எங்க இருக்குதுக்கா அது?"

இந்திராணி வாயைக் கொப்பளித்துத் துப்ப வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "மஹாலட்சுமி மாமியார் பொங்கலுக்கு வந்திருந்தாங்க இல்ல... போன்ல போட்டோ பாத்துட்டு அதையே கேட்டுக்கினு இருந்தாங்க. எத்த செஞ்சாலும் மூஞ்ச தூக்கி வச்சிக்கிற பொம்பள அது. சம்பந்திக்கு ஒத்த கெழங்கு கிள்ளிக் குடுத்தா மரியாதையா இருக்குமா? அதான், மொத்தமா பேத்துட்டு, வேற ஒண்ண அங்க வச்சி..."

"யாரு வளத்ததுன்னு சொன்ன?"

"எங்கம்மா வளத்ததுன்னு மஹா சொல்லிட்டா. நான் ஒண்ணும் பேசல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா."

"மொத்தமா குடுத்திருப்பியா?"

ரேணுகாம்பாள் மதிலோரத்துச் சிமெண்டுத் தொட்டியைப் பார்த்தாள். சித்திரையில் தூரைப் பிரித்து முதல் பங்கை இந்திராணிக்குத் தருவதாக இருந்தாள். அதற்கென்றுதான் அந்தத் தொட்டியில் மண்ணும் எருவும் கலந்து வைத்திருந்தாள்.

"ஒரு கெழங்கு கேட்டு வாங்கியாந்துடறேன்டி."

"இன்னான்னு சொல்லிக் கேப்ப?"

மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

சாயங்காலம் வேலைவிட்டு வந்தபோது பூ ஈரத் துணிபோலச் சுருண்டிருந்தது. பச்சை நூலைப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். நகத்தால் நெருடினாள், எச்சில் தொட்டுப் பார்த்தாள். முறுக்கு பிரியவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். நூல் வேறோர் இடத்தில் அறுந்தது. முறுக்கு அப்படியே இருந்தது. தண்டில் இன்னும் பதினொரு மொட்டுகள். நாளைக்கு விரியப்போகிற மொட்டு பருத்து, நுனியில் ஆரஞ்சு காட்டிக்கொண்டு நின்றது.