பிடிக்காமல் நின்றவன்

ஓடும் பேருந்தில் முப்பத்திரண்டு வருஷம் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான். கண்டக்டருக்கு ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. பிடிப்பதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? டிரைவர் எப்படிப் பிரேக் போட்டாலும் பயணிகள்தான் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். அப்படிப்பட்ட நான், ஆடாத வீட்டில், அசையாத தரையில், செருப்பு மாட்டப் போய் விழுந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் எனக்கு அடியைவிட வலித்தது.

பின்மண்டை சுவரில் மோதியிருந்தது. எலும்பு உடையவில்லை, ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அன்று முழுக்க "இன்னைக்கு என்ன கிழமை?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேனாம். பதினாலு தடவை. என் மனைவி எண்ணியிருக்கிறாள். மூன்று வாரம் வெளிச்சமும் சத்தமும் எனக்கு ஆகவில்லை. இன்னொரு முறை தலையில் அடிபட்டால் இவ்வளவு லேசாக விடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் மகள் முடிவெடுத்துவிட்டாள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். மகள் தங்கம்தான். ஆனாலும் அவள் வீட்டில் ஜன்னலைத் திறப்பதற்கும் கேட்க வேண்டும். நான் கோபத்தில் குதித்தேன். பத்து வாரம் கொடு, ஒற்றைக்காலில் எதையும் பிடிக்காமல் பத்து எண்ணும்வரை நின்று காட்டுகிறேன், முடியாவிட்டால் நானே மூட்டை கட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வாரம் ஒருமுறை பிசியோதெரபி பெண் வந்தாள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நடக்கச் சொன்னாள். சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். மேடை அவசரத்துக்கு மட்டும்தான்.

நாலாவது வாரமே நாற்பது எண்ணும்வரை நின்றேன், கை இரண்டையும் தூக்கியபடி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்தேன். மனைவி மட்டும் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நான் நிற்கும்போது, மடித்த செய்தித்தாளை என் இடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் செருகினாள். நாற்பது எண்ணி முடித்தேன். தாள் விழவில்லை.

"நீங்க எங்க நிக்கிறீங்க? மேடைதான் உங்களத் தாங்கிட்டு நிக்குது," என்றாள்.

முப்பத்திரண்டு வருஷமும் நான் கையால் பிடிக்கவில்லை, உண்மைதான். இடுப்பு சீட்டு ஓரத்தில் சாய்ந்திருந்தது. அது எனக்கே அன்றுதான் உறைத்தது. மானம் கப்பலேறியது.

அடுத்த நாள் மேடையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்றேன். மனைவி பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். இரண்டு எண்ணுவதற்குள் கால் தரைக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வேலை ஓடும். காலையும் மாலையும் விடவில்லை. தொடை கெஞ்சியது, நான் கேட்கவில்லை. ஆறாவது வாரம் நாலு, எட்டாவது வாரம் ஏழு. நாற்காலியிலிருந்து மூச்சு வாங்காமல் பன்னிரண்டு முறை எழ முடிந்தது. ஆனால் பத்து மட்டும் வரவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சொன்ன நாளில் மகள் வந்தாள். பிசியோ பெண் ஓரமாக நின்றாள். இடதுகாலை ஊன்றி வலதைத் தூக்கினேன். மகள்தான் எண்ணினாள். எட்டில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. "அப்பா" என்று அவள் பாய்ந்து வருவதற்குள் என் வலதுகால் அகலமாக இறங்கி, முழங்கால் மடங்கி, உடம்பை நிறுத்திவிட்டது. கை எதையும் தொடவில்லை. நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எட்டுதான். தோத்துட்டேன்," என்றேன்.

பிசியோ பெண் இல்லையென்று தலையாட்டினாள். "பத்து நீங்க போட்ட கணக்கு. ஆடாம நிக்கிற மனுஷன் யாருமில்ல. ஆடும்போது கால் ஓடி வந்து தாங்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

மகள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயே இருங்கப்பா. ஆனா ஒருநாள்கூட விடக்கூடாது."

ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. இப்போது அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. அவள் படி இறங்கிப் போனதும் மனைவியை எண்ணச் சொல்லிவிட்டு மறுபடி வலதுகாலைத் தூக்கினேன். வீடு கிடைத்துவிட்டது, எனக்குப் பத்தும் வேண்டும்.